பராமரிப்புப் பணி நடைபெறுகிறது

அந்த அலுவலகத்தில் அவளை எல்லாரும் பதிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிரிப்டோ காயின்களை வாங்கவும் விற்கவும் உதவும் ஓர் எக்ஸ்சேஞ்ச் அது. ஆப்பில் பணம் போட்டவர்களுக்குச் சந்தேகம் வந்தாலும், கோபம் வந்தாலும், பாஸ்வேர்டு மறந்துபோனாலும் போன் செய்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் பிரிவுக்கு அவள் தலைமை. முதலாளி அவளைவிட வயதில் சின்னவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் அக்கா, 'மேடம்' ஆகிவிடுவாள்.

அன்று காலை அவள் தன் இருக்கைக்குப் போவதற்குள் பூட்டு எதிரில் வந்து நின்றான். பாதுகாப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். எப்போதும் எதையாவது மென்றுகொண்டு, யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டு வருகிறவன். அன்று அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, கல்லா காலி."

அவளுக்கு முதலில் அது விளங்கவில்லை. விளங்கியதும் பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் சில்லறைக்குக் கல்லாப்பெட்டி வைத்திருப்பார். மிச்சத்தை உள்ளே பெட்டகத்தில் பூட்டிவிடுவார். இங்கேயும் அதே ஏற்பாடுதான். வாடிக்கையாளர்களின் காயின்களில் பெரும்பகுதி இணையத்தோடு தொடர்பே இல்லாத இடத்தில் இருக்கும். அதைப் பெட்டகம் என்பார்கள். அன்றாடம் கேட்பவர்களுக்கு எடுத்துக்கொடுக்கத் தேவையானது மட்டும் இணையத்தில் இருக்கும் கணக்கில் கிடக்கும். அது கல்லா. போன வாரம் வியாபாரம் கொடிகட்டிப் பறந்ததில் கல்லாவில் வழக்கத்தைவிட நிறையவே இருந்தது. விடியற்காலையில் யாரோ அதன் சாவியான ரகசியக் குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, ஒரே வாராக வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

"வழிச்சுத் தொடச்சு எடுத்துட்டான்க்கா. சட்டியில ஒட்டினதைக்கூட விடல," என்றான் பூட்டு.

"பெட்டகம்?"

"அது பத்திரம். திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். கல்லா மட்டுந்தான். யாரும் எதையும் எடுக்க முடியாதபடி வித்ட்ராவை நிறுத்திட்டேன்."

அவள் தன் போனில் ஆப்பைத் திறந்தாள். மேலே மஞ்சளாக ஒரு பட்டை ஓடியது: 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

"இதை யாரு போடச் சொன்னது?"

பூட்டு கண்ணாடி அறையைக் காட்டினான்.

முதலாளி அந்த அறைக்குள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். ஷூ இரண்டும் மேசைக்கடியில் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன. போனில் வக்கீல் பேசிக்கொண்டிருந்தார். முழுசாகத் தெரியும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்பதைத்தான் அவர் பல விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் தாங்கினா போதும் அக்கா," என்றார் முதலாளி. "திருட்டுன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சு, எல்லாரும் ஒரே நேரத்துல வந்து கையை நீட்டுவாங்க. நல்லா இருக்கிற கம்பெனியும் அதுல படுத்துடும்."

பூட்டு விடவில்லை. "சார், திருடின காயின் எந்தெந்தக் கணக்குல இருக்குன்னு எனக்குத் தெரியும். அவன் எங்க நகர்த்தினாலும் பொதுப் பதிவுல ஏறும், யாரு வேணும்னாலும் பாக்கலாம். ஆனா அதைக் காசாக்கணும்னா ஏதாவது ஒரு எக்ஸ்சேஞ்சுக்குத்தான் அவன் வந்தாகணும். இது திருட்டுக் காயின்னு நாம வாயைத் திறந்து சொன்னாதான் அவங்க பிடிச்சு வைப்பாங்க. சொல்லலேன்னா அவங்க கண்ணுக்கு அவனும் ஒரு நல்ல கஸ்டமர்."

"ரகசியமா மெயில் போடு."

"போட்டாச்சு. 'நீங்களே உங்க ஆப்புல பராமரிப்புன்னு போட்டிருக்கீங்களே, திருட்டுன்னு நாங்க எதை வெச்சு நம்பறது'ன்னு கேக்கறாங்க."

முதலாளி நடப்பதை நிறுத்தினார். "முதல்ல இதைச் சொல்லு. எப்படி உள்ள வந்தான்?"

பூட்டு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என் லேப்டாப் வழியா, சார்."

வக்கீல்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்.

"ஒரு பெரிய கம்பெனிலேருந்து வேலைக்குக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டாங்க. சின்னதா ஒரு பரீட்சை, இந்த புரோகிராமை ஓட்டிப் பாத்து எங்க தப்புன்னு சொல்லுங்கன்னு அனுப்பினாங்க. ஓட்டினேன். கம்பெனியும் பொய், பரீட்சையும் பொய். உள்ள உக்காந்து சாவியை எடுத்திருக்கான்."

முதலாளி அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீ வேற வேலை தேடுறியா?"

"கல்லா காலியா இருக்கு சார்."

"அது இருக்கட்டும். நீ வேற வேலை தேடுறியா?"

வேறொரு நாளாக இருந்தால் பதிலக்கா அடக்க முடியாமல் சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை. "என் ஆளுங்க போன்ல என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"பட்டையில என்ன இருக்கோ அதைச் சொல்லச் சொல்லுங்க, மேடம்."

மேடம் என்றதும் அவள் வெளியே வந்துவிட்டாள்.

போன்கள் ஓயாமல் அடித்தன. அவள் பிரிவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். அழைப்புகள் மலைபோல் குவியவே அவளும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டியவர்களைச் சமாளிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை; அது பழகின தொழில். நம்பியவர்கள்தான் அவளைக் கொன்றார்கள். தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், "சரிம்மா, வேலை நடக்கட்டும், நான் சாயங்காலமா பாத்துக்கறேன், நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். பதிலக்கா அதன்பின் கொஞ்ச நேரம் அடுத்த அழைப்பை எடுக்கவில்லை.

மத்தியானத்துக்குள் அவள் தொண்டை கட்டிப்போனது. தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் குரல் வந்தது. பக்கத்து இருக்கைப் பெண் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. 'வணக்கம்' என்றாள்; ஆண் குரல்போல் கரகரத்தது.

"ஹலோ தம்பி, யாரு பேசறது?"

அந்தக் குரலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய மாமனார்.

அவர் தூரத்து ஊர்களுக்குப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். அவள் வேலைபார்க்கும் இடம் அவருக்குக் காற்றில் கடை போட்டவர்கள் இடம். சாப்பிட உட்காரும்போதெல்லாம் "இன்னிக்கு எத்தனை கிலோ காத்து வித்தீங்க?" என்று கேட்காமல் தட்டில் கைவைக்க மாட்டார். அப்படிப்பட்டவர் தன் கணக்கு எண்ணைத் தப்பில்லாமல் ஒப்பித்தார். அவள் தட்டிப் பார்த்தாள். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பாதி அங்கே இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது.

"சொல்லுங்க சார்," என்றாள். தகரம்தான் பேசியது.

"என் காசை எடுக்க முடியல தம்பி. மஞ்சளா ஒரு பட்டை ஓடுது. ஏதோ பராமரிப்பாம்."

"ஆமா சார், அது வந்து..."

"இரு தம்பி. நான் பஸ் ஓட்டினவன். வண்டி நடுவழியில நின்னுடுச்சுன்னா சனங்ககிட்ட, 'சின்ன வேலைதான், போய் டீ குடிச்சுட்டு வாங்க'ன்னு சொல்லுவோம். எஞ்சினே போயிருந்தாலும் அப்படித்தான் சொல்லுவோம். எனக்குத் தெரியாதா? அதனால நேரா கேக்கறேன். சின்ன வேலையா, எஞ்சினா?"

அவள் மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அப்புறம் இன்னொண்ணு தம்பி." அவர் குரல் தாழ்ந்தது. வீட்டில் வேறு யாருமில்லாதபோதும் தாழ்த்திக்கொண்டார். "என் மருமக அங்கதான் வேலை பாக்கறா. அவ காதுக்கு இது போயிடக் கூடாது. அவ இருக்கிற இடம், ஏமாத்த மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் போட்டதே. ஆனா தெரிஞ்சுதோ, இத்தனை நாள் கிண்டல் பண்ணினதுக்கெல்லாம் வட்டியும் மொதலுமா வாங்கிடுவா."

"ஒரு நிமிஷம் இருங்க சார்," என்று அழைப்பை நிறுத்திவைத்துவிட்டு எழுந்தாள். நேராகக் கண்ணாடி அறைக்குப் போனாள். யாருடைய அழைப்பு என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது, சொன்னால் அது சொந்தக் காரியமாகிவிடும் என்றும் தோன்றியது.

"சார், லைன்ல ஒருத்தர் இருக்கார். அவரு கேக்கற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. நீங்க வந்து பேசுங்க."

"நானா?"

"காலையிலேருந்து நாங்க எல்லாரும் உங்க வாக்கியத்தைச் சொல்லிட்டு இருக்கோம். ஒரே ஒரு தடவை நீங்க சொல்லிப் பாருங்க. உங்களுக்கு வாய் வந்துதுன்னா நான் போய் சாயங்காலம் வரைக்கும் அதையே சொல்றேன்."

அவர் என்ன நினைத்தாரோ, வெறுங்காலோடு அவள் பின்னால் வந்தார். பெரிய பெரிய மேடைகளில் பேசியிருக்கிறார். ஒரு வாடிக்கையாளரின் போனை அதுவரை எடுத்ததே இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பதிலக்கா ஸ்பீக்கரைப் போட்டாள். சுற்றிலும் இருந்தவர்கள் அவரவர் ஹெட்போனைக் கழற்றினார்கள்.

"வணக்கங்க. நான்... இங்க பொறுப்புல இருக்கிறவன் பேசறேன்."

"பெரிய ஆளா? நல்லதாப் போச்சு. சின்ன வேலையா, எஞ்சினா?"

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வாயசைத்துக் காட்டினாள்: 'பராமரிப்பா, பெரிய கோளாறான்னு கேக்கறார்.' முதலாளி மைக்கைப் பார்த்தார். மஞ்சள் பட்டை ஓடும் திரையைப் பார்த்தார். எதிர்முனையில் அந்த மனிதர் மூச்சுவிடுவது ஸ்பீக்கரில் கேட்டது. வெறும் மூச்சுத்தான், ஆனால் பயந்தவனின் மூச்சு.

"எஞ்சின்தாங்க," என்றார் முதலாளி.

பிறகு ஸ்பீக்கர் வெடித்தது. "அடப்பாவிகளா! வேர்வை சிந்திச் சேத்த காசுய்யா அது! படிச்ச புள்ளைங்கதானே நீங்கள்லாம்? சோத்துல உப்புப் போட்டுத்தானே சாப்பிடறீங்க? காலையிலேருந்து பட்டையை ஓட விட்டுக்கிட்டு..." நெடுஞ்சாலையில் குறுக்கே வந்த அத்தனை பேருக்கும் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் முதலாளியின் தலையில் விழுந்தது. அவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லாமல் "ஆமாங்க, ஆமாங்க" என்றுகொண்டே இருந்தார். கடைசியில் டொக்கென்று வைத்துவிட்டார் மாமனார்.

முதலாளி நிமிர்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஆனால் காலையிலிருந்து ஏறியிருந்த தோள் இறங்கியிருந்தது.

"திட்டிட்டார்," என்றார்.

"ஆமா சார்."

"எங்க அப்பாகூட இப்படித் திட்டினதில்ல."

"இப்பவாவது அறிவிப்புப் போடலாமா சார்?" என்று பின்னாலிருந்து கேட்டான் பூட்டு.

"எழுதுங்க அக்கா," என்றார் முதலாளி.

மேடம் மறுபடி அக்காவானாள். அவள் எழுதினாள். திருட்டு நடந்தது, கல்லாவில் இருந்தது போயிற்று, பெட்டகத்தில் இருப்பது பத்திரம், வித்ட்ராவை நாங்களே நிறுத்தியிருக்கிறோம், காலையில் பராமரிப்பு என்று சொன்னது தவறு, மன்னியுங்கள். அதன் கீழே திருடனின் கணக்கு முகவரிகளைப் பூட்டு வரிசையாகப் போட்டான். நஷ்டத்தை வாடிக்கையாளர் தலையில் கட்ட மாட்டோம், கம்பெனியின் சேமநிதியிலிருந்தும் போதாவிட்டால் என் பங்கிலிருந்தும் ஈடுகட்டுவேன் என்று முதலாளியே உட்கார்ந்து சேர்த்தார். வக்கீல் போனில் பெருமூச்சு விட்டார். தன் பெயரையும் போட வேண்டும் என்று நின்றான் பூட்டு. முதலாளி அதை அடித்துவிட்டு, 'ஓர் ஊழியரின் கணினி வழியாக' என்று எழுதினார்.

"உன் பேரைப் போட்டா உனக்கு வேற எவன்டா வேலை குடுப்பான்?" என்றார்.

மஞ்சள் பட்டை போய் அறிவிப்பு வந்தது. அதன்பின் வந்த அழைப்புகளைப் போல் அந்த அலுவலகம் என்றுமே பார்த்ததில்லை. வாசலில் கொஞ்சம் பேர் வந்து கூடினார்கள்; காவலாளி அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். திட்டு, சாபம், அழுகை எல்லாம் வந்தன. ஆனாலும் அவளுக்கு மூச்சு லேசாக வந்தது. ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொன்னாள், ஆனால் சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டவில்லை. தையல் கடைப் பெண்ணை அவளே திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பெண்ணும் நன்றாகத் திட்டினாள். வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது டிவி தெருவுக்கே கேட்கும்படி அலறிக்கொண்டிருந்தது. செய்தியில் அவள் அலுவலக வாசலைக் காட்டினார்கள். மாமனார் சோபாவில் முதுகு சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் கணவன் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தான்.

"உங்க கம்பெனிதானே? என்ன ஆச்சு? மத்தியானத்திலேருந்து போன் பண்றேன், எடுக்கவே இல்ல."

"பேசிப் பேசியே தொண்டை போயிடுச்சு," என்றாள் அவள். தகரக் குரல்.

மாமனார் டிவியை நிறுத்தினார். "இன்னொரு தடவை பேசு."

"என்ன மாமா பேசறது?"

"'சொல்லுங்க சார்'னு சொல்லு."

வேறு வழியில்லை. "சொல்லுங்க சார்," என்றாள்.

அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது, அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

"அந்தத் தம்பி நீதானா?"

"கஸ்டமர் விவரத்தை வெளிய சொல்லக் கூடாது மாமா," என்றாள் அவள், கணவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

"எந்தத் தம்பி? எந்தக் கஸ்டமர்?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான் அவன். இனி மூடிவைத்துப் பயனில்லை என்று மாமனாருக்குத் தெரிந்துபோயிற்று. எல்லாவற்றையும் கொட்டினார். பூங்காவில் நடக்க வரும் கூட்டாளி ஒருவன் சொன்னது, முதலில் கொஞ்சம் போட்டது, ஏறியதும் ஆசை வந்தது, அப்புறம் பாதியைப் போட்டது. மகன் கரண்டியை மேசைமேல் வைத்தான்.

"காத்துல கடை போட்டவங்கன்னு சொல்லிச் சொல்லி, கடைக்குள்ள நீங்களே போய் நின்னிருக்கீங்களேப்பா!"

"நின்னுட்டேன். இப்ப அதுக்கு என்ன?" என்றார். பிறகு அவளிடம் திரும்பினார். குரலில் அதட்டல் இருந்தது, கண்ணில் இல்லை. "என் காசு வருமா?"

"பெட்டகத்துல இருக்கிறது பத்திரம். கல்லாவுல போனதைக் கம்பெனி குடுக்கும்னு சொல்லியிருக்கோம். எப்பன்னு தெரியல மாமா."

"தெரியலன்னு சொல்றதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்று எழுந்து தன் அறைக்குள் போய்விட்டார்.

அவளுக்கு அது வலிக்கவில்லை. மாறாக, அவருடைய ரகசியம் தனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது, இனி இந்த வீட்டுக்குள் ஒன்றையும் மறைத்து நடமாட வேண்டாம் என்ற நினைப்பே உடம்பைத் தளர்த்தியது. மறுநாள் காலை பல் விளக்க வந்தபோது ஒரு டம்ளரில் உப்புப் போட்ட வெந்நீர் மூடி வைத்திருந்தது. "கொப்புளிச்சுட்டுப் போ. உன் குரலைக் கேட்டா இருக்கிற கஸ்டமரும் ஓடிடுவான்," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

அடுத்த இரண்டொரு நாள் அலுவலகத்தில் யாரும் உட்காரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். போலீஸ்காரர்கள் வந்து பூட்டின் லேப்டாப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அவனிடம் நெடுநேரம் கேள்வி கேட்டார்கள். அவன் திரும்பி வந்து, வேறொரு கம்ப்யூட்டரில் திருடனின் கணக்குகளைப் பார்த்தபடி இருந்தான். காயின்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து பலவற்றுக்குப் பிரிந்து ஓடின. எறும்புப் புற்றைக் கலைத்ததுபோல் இருந்தது.

பிறகு ஒரு முற்பகலில் பூட்டு தன் இடத்தில் எழுந்து நின்றான். கையில் போன். அதன் திரையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?" என்று ஓடினாள் பதிலக்கா.

அவன் போனை அவளிடம் நீட்டினான். "நீங்க படிங்க. எனக்குக் கண்ணு மறைக்குது."

அவள் படிக்கப் பார்த்தாள். தொண்டையில் காற்றுத்தான் வந்தது. போன் கைமாறி முதலாளியிடம் போயிற்று. அவர் படித்தார்.

எங்கோ கடல் தாண்டி இருக்கும் ஓர் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த மெயில். திருடன் பெரும்பகுதிக் காயின்களை அவர்களிடம் கொண்டுவந்து காசாக்கப் பார்த்திருக்கிறான். நீங்கள் வெளியிட்ட முகவரிப் பட்டியலை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தோம், உள்ளே நுழைந்ததுமே மணி அடித்தது, கதவைச் சாத்திவிட்டோம், காயின் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, சட்டப்படி ஆகவேண்டியதைச் செய்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். கீழே தனியாக ஒரு வரி: எங்களுக்கும் ஒரு தடவை இப்படி ஆனது.

படித்து முடித்த முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ கைதட்டினார்கள். யாரோ அழுதார்கள். பூட்டு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, "பிடிச்சுட்டாங்கடா, பிடிச்சுட்டாங்கடா" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பதிலக்கா கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை, துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முழுதும் கிடைக்கவில்லை. கொஞ்சம் எங்கெங்கோ கலந்து காணாமல் போயிருந்தது. அது போனது போனதுதான். பிடித்து வைத்ததும் கைக்கு வர நாளாகும். அதுவரை சேமநிதி தாங்கும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். காணாமல் போனதற்கு முதலாளி தன் பங்கில் ஒரு பகுதியை விற்றார். விற்ற அன்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஷூ போட்டுக்கொண்டு சாதாரணமாக வந்தார்.

கல்லாவுக்குப் புதுச் சாவி செய்தார்கள். இனி ஒருவர் கையில் முழுச் சாவி இருக்காது. மூன்று பேர் வெவ்வேறு இடத்திலிருந்து சம்மதம் கொடுத்தால்தான் திறக்கும். கல்லாவில் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் வரம்பு வைத்தார்கள். தன்னை அந்த மூவரில் ஒருவனாகப் போட வேண்டாம் என்று பூட்டே கேட்டுக்கொண்டான். அன்று முதலாளி அவனைத் தனியே கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே அவன் நினைத்திருந்தான். கதவு சாத்தாத அறை என்பதால் பதிலக்காவுக்கும் கேட்டது.

"சம்பளத்தை ஏத்தினா இருப்பியா?"

"என்ன சார் சொல்றீங்க?"

"உன்னை அனுப்பிட்டு வேற ஒருத்தனை எடுத்தா அவன் இதே தப்பைப் புதுசாச் செய்வான். நீ இனிமே செய்ய மாட்டே. இருப்பியா, மாட்டியா?"

"இருக்கேன் சார். இனிமே எவன் வேலை குடுக்கறேன்னு வந்தாலும் எனக்கு வயித்தைக் கலக்கும்."

வித்ட்ராவைத் திறக்கும் நாள் வந்தது. சின்னக் கணக்குகளுக்கு முதலில், பெரியவற்றுக்கு அப்புறம் என்று அறிவித்திருந்தார்கள். காலையில் திறந்ததும் அணை உடைந்ததுபோல் எல்லாரும் எடுத்தார்கள். கல்லா வற்ற வற்ற, மூன்று பேரும் சம்மதம் கொடுக்க, பெட்டகத்திலிருந்து கொண்டுவந்து நிரப்பினார்கள். கேட்டவர்களுக்குக் கேட்டது போயிற்று. ஒருவருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

மதியம் நெருங்கியபோது வேகம் குறைந்தது. பிறகு ஏதோ குறைந்ததுபோல் இருந்தது. என்ன என்று பதிலக்கா யோசித்தாள். போன் அடிக்கவில்லை. ஒரு போன்கூட. பக்கத்து இருக்கைப் பெண் ஹெட்போனைக் கழற்றி, கெட்டுப்போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தாள். ஆளாளுக்கு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். முதலாளி கண்ணாடி அறைக்குள் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் எழுப்பவில்லை.

"அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க. நாங்க பாத்துக்கறோம்," என்றார்கள் அவள் பிரிவில் இருந்தவர்கள். அவளும் மறுக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் தெருவில் நடந்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. ஒரு கடையில் பழம் வாங்கினாள். பேரம் பேசக்கூட மறந்துவிட்டாள்.

வீட்டில் மாமனார் மட்டும் இருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சு," என்றார். "எல்லாம் பேங்குக்கு வந்துடுச்சு. ஒண்ணும் குறையல."

"சந்தோஷம் மாமா."

"முழுசா எடுத்துட்டேன். நீ கோவிச்சுக்கக் கூடாது."

"எதுக்குக் கோவம்? உங்க காசு, நீங்க எடுத்தீங்க." குரல் ஏறக்குறையத் திரும்பியிருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். "உங்க முதலாளி என்னைப் பத்தி ஏதாவது தப்பா நெனப்பாரா? நான் வேற வாயில வந்ததையெல்லாம் சொல்லிட்டேன்."

"அவருக்கு நீங்க யாருன்னே தெரியாது. ஆனா அன்னிக்கு நீங்க திட்டலேன்னா அவரு இன்னும் பட்டையைத்தான் ஓட்டிட்டு இருப்பாரு."

"நான் திட்டினதுக்கா?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நான் என் காசு போச்சேன்னு திட்டினேன். வேற ஒண்ணும் இல்ல."

"அது போதும் மாமா."

அவள் சோபாவில் சாய்ந்தாள். கால்களை மடக்கிவைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பேங்கில் வட்டி ஒன்றுமே தருவதில்லை என்று ஆரம்பித்தார். சின்னதாக ஒரு இடம் வாங்கிப் போடலாமா, அல்லது இரண்டு மூன்றாகப் பிரித்து வைக்கலாமா, ஒரே இடத்தில் வைத்தால்தானே இந்தப் பாடு, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். பதில் சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் கண் சொருகிவிட்டது. அவள் தூங்கியதை அவர் உடனே கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டேதான் இருந்தார்.